பழைய பிக்-அப்பின் முன்பக்கம்: ஸ்டீரிங், சஸ்பென்ஷன் கேள்வி-பதில்

சென்னையில் பழைய பிக்-அப் வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை முன்பக்கத்தைப் பற்றியவை. இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

ராயபுரம் வாசகர்: என்னிடம் 1960-களின் ஜீப் பிக்-அப் இருக்கிறது. ஸ்டீரிங்கைக் கால் சுற்று திருப்பினாலும் சக்கரம் அசையவில்லை. ஸ்டீரிங் பாக்ஸ் (ஸ்டீரிங் சுற்றைச் சக்கரங்களுக்குக் கடத்தும் கியர் பெட்டி) போய்விட்டது, பவர் ஸ்டீரிங் பாக்ஸ் ஒன்றை ஏற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

செய்யலாம், ஆனால் அது கடைசி வேலை. கால் சுற்று ஆட்டம் ஒரே இடத்திலிருந்து வருவது அபூர்வம். உங்கள் வண்டியில் ஸ்டீரிங் பாக்ஸிலிருந்து டிராப் ஆர்ம் (பாக்ஸ் அசைக்கும் கை), டிராக் லிங்க் (அந்தக் கை தள்ளும் தண்டு), நடுவில் பெல் கிராங்க் (தள்ளும் திசையை மாற்றும் கை), அங்கிருந்து சக்கரங்களுக்கு இரண்டு டை ராட், கடைசியில் கிங் பின் (சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சு) என்று ஒரு வரிசை இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்திருந்தாலும் கைக்கு வரும்போது எல்லாம் கூடி ஒரு சாண் ஆட்டமாகிவிடும். புது பாக்ஸ் போட்டால் பாக்ஸில் இருக்கும் ஆட்டம் மட்டும்தான் போகும்.

எது தேய்ந்திருக்கிறது என்று பார்க்க இரண்டு பேர் போதும். வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கட்டும், என்ஜின் ஆஃபில் இருக்கட்டும். ஒருவர் ஸ்டீரிங்கை இடதும் வலதுமாகச் சிறிது ஆட்டிக்கொண்டே இருக்க, இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நிற்கும் மூட்டுதான் கெட்டது. பெரும்பாலும் முதலில் மாட்டிக்கொள்வது பெல் கிராங்க் பின்னும் அதன் பேரிங்கும். அது தரைக்கு அருகில், சேறும் தண்ணீரும் அடிக்கிற இடத்தில் இருக்கிறது. கிரீஸ் நிப்பிள் அடைத்துப்போனதை யாரும் கவனிப்பதில்லை.

அடுத்து ஒரு பக்கச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸிலுக்குக் கீழே ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குறை வீல் பேரிங்கில். அப்படியே இருந்தால் கிங் பின் பேரிங்கில். மூடிய நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் முனை) கொண்ட ஜீப் ஆக்ஸிலில் மேலும் கீழும் இரண்டு டேப்பர் பேரிங் இருக்கும். அவற்றின் இறுக்கத்தைத் தீர்மானிப்பது மேல்மூடிக்கும் கீழ்மூடிக்கும் அடியில் உள்ள ஷிம்கள் (மெல்லிய தகடுகள்). புது பேரிங் போட்டுவிட்டுப் பழைய ஷிம்மையே வைத்தால் ஒன்று ஆட்டம் அப்படியே இருக்கும், இல்லையென்றால் நக்கிள் திரும்பாமல் பிடித்துக்கொள்ளும். ஆயில் சீலைக் கழற்றிவிட்டு, ஷிம்மை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். மேலும் கீழும் துளி ஆட்டம் இல்லாமல், கையால் தள்ளினால் லேசான தடையோடு நக்கிள் ஒரே சீராகத் திரும்ப வேண்டும்.

டிராக் லிங்கின் முனையில் ஸ்பிரிங்கோடு கூடிய பந்து இருந்தால் மாற்ற வேண்டியதே இல்லாமல் போகலாம். திருகை முழுதாக இறுக்கி, அரைச் சுற்று தளர்த்தி, புது ஸ்பிளிட் பின் போடுங்கள்.

இவை எல்லாம் முடிந்த பிறகுதான் பாக்ஸ். டிராக் லிங்கைக் கழற்றி, பாக்ஸை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சுற்றி எண்ணி, சரி பாதிக்குக் கொண்டுவாருங்கள். அந்த நடு இடத்தில்தான் அட்ஜஸ்ட்மென்ட் திருகை இறுக்க வேண்டும். லேசாகப் பிடிப்பு தெரிந்ததும் நிறுத்துங்கள். திருப்பிய நிலையில் வைத்து இறுக்கினால் நடுவுக்கு வரும்போது பாக்ஸ் பிடித்துக்கொள்ளும், ஸ்டீரிங் தானாகத் திரும்பி வராது, உள்ளே உள்ள கேமும் (திருகுப் பள்ளம்) பெக்கும் (அதில் ஓடும் முளை) அங்கேயே அரைபட்டுப்போகும்.

இன்னொன்று. கேமும் பெக்கும் கொண்ட இந்த ராஸ் வகை பாக்ஸில் ஊற்ற வேண்டியது கியர் ஆயில், 90 நம்பர். சீல் கசிகிறது என்று கிரீஸை அடைத்துவிடும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. கெட்டி கிரீஸை பெக் ஒருமுறை விலக்கிவிட்டால் அது திரும்ப வந்து மூடாது. உலோகம் வறண்டு ஓடும். சீலை மாற்றுங்கள், ஆயிலை ஊற்றுங்கள்.

அம்பத்தூர் வாசகர்: அதே ஜீப் வகை வண்டிதான். ஆட்டமெல்லாம் சரி செய்தாகிவிட்டது. ஆனாலும் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வண்டி ஒருபக்கம் சட்டென்று ஒதுங்குகிறது. உயரம் கூட்ட நீளமான ஷேக்கிள் (ஸ்பிரிங் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஆடும் தகடு) போட்டிருக்கிறேன்.

உங்கள் சிக்கல் தேய்மானத்தில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. பெல் கிராங்க் சேசிஸின் முன் குறுக்குச் சட்டத்தில் இருக்கிறது. டை ராட்களின் மறுமுனை ஆக்ஸிலோடு மேலும் கீழும் போகிறது. ஸ்பிரிங் அமுங்கும்போதும் விரியும்போதும் டை ராட்டின் சாய்வு மாறி, சக்கரங்களின் டோ-இன் (முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) ஓட்டத்திலேயே மாறிக்கொண்டிருக்கும். தொழிற்சாலை உயரத்தில் டை ராட்கள் கிட்டத்தட்டப் படுக்கையாக இருந்ததால் இது சிறிதாகத் தெரிந்தது. நீளமான ஷேக்கிள் அதைப் பெரிதாக்கிவிட்டது. கூடவே ஆக்ஸில் சுழன்று கேஸ்டர் கோணமும் (கிங் பின்னின் முன்பின் சாய்வு) மாறியிருக்கும். முதலில் பழைய அளவு ஷேக்கிளைத் திரும்பப் போடுங்கள். பாதித் தொல்லை அதிலேயே போகும்.

மிச்சத்துக்கு நிரந்தர வழி, பெல் கிராங்கையே எடுத்துவிட்டு ஒரு நக்கிளிலிருந்து மறு நக்கிளுக்கு ஒரே நீள டை ராட் போடுவது. அப்படிச் செய்தால் டை ராட்டின் இரண்டு முனையும் ஆக்ஸிலோடு சேர்ந்தே போகும், டோ-இன் மாறாது. பாக்ஸிலிருந்து ஒரு டிராக் லிங்க் மட்டும் அதைத் தள்ளும்.

டிராக் லிங்க் எங்கே, எந்தச் சாய்வில் என்பதுதான் இந்த மாற்றத்தின் உயிர். அது குறுக்காகப் போகிறது என்றால், வண்டி தன் எடையில் நிற்கும்போது முடிந்தவரை டை ராட்டோடு இணையாகவும் படுக்கையாகவும் இருக்க வேண்டும், நீளமாகவும் இருக்க வேண்டும். முன்பின்னாகப் போகிறது என்றால், ஆக்ஸில் எந்த வளைவில் நகர்கிறதோ அதே வளைவில் டிராக் லிங்கும் நகர வேண்டும். லீஃப் ஸ்பிரிங்கின் அசையாத கண் இருக்கும் பக்கம்தான் ஆக்ஸிலின் சுழல் மையம். டிராப் ஆர்ம் முனை அதன் அருகில் வர வேண்டும். எதிர்ப்பக்கம் வைத்தால் ஒவ்வொரு குழியிலும் வண்டி தானே திரும்பும்.

டை ராட்டுக்குத் தையல் இல்லாத கனமான குழாய் எடுங்கள். ஒரு முனை வலமரை, மறுமுனை இடமரை. அப்போதுதான் கழற்றாமலே நீளத்தைச் சரி செய்ய முடியும். டை ராட் எண்டின் மரை, அதன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆழமாவது குழாய்க்குள் போயிருக்க வேண்டும். இரண்டு வண்டியின் டை ராட்களை அறுத்து நடுவில் வெல்டு வைக்கச் சொல்லும் லேத் கடை இருந்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். டிராப் ஆர்மைச் சூடாக்கி வளைப்பதும் அதே ரகம். சூடுபட்ட இடத்தில் எஃகின் உறுதி போய்விடும், அது உடையும் நாளில் எந்த எச்சரிக்கையும் தராது.

டை ராட் எண்டின் டேப்பரையும் (கூம்புச் சாய்வையும்) பாருங்கள். சில வண்டிகளில் 1:8, சிலவற்றில் 1:10. கையால் போட்டால் உட்காருவதுபோலத் தெரியும். நீலச் சாயம் தடவி உட்காரவைத்து எடுத்துப் பாருங்கள். ஒரு வளையம் மட்டும் படிந்திருந்தால் டேப்பர் வேறு. சரியான ரீமர் போட்டுத்தான் சேர்க்க வேண்டும். நட்டை இறுக்கிய பிறகு ஸ்பிளிட் பின் ஓட்டை நேராக வரவில்லையா? தளர்த்தாதீர்கள், அடுத்த பள்ளம் வரும்வரை இறுக்குங்கள்.

வேளச்சேரி வாசகர்: பவர் ஸ்டீரிங் போட முடிவு செய்துவிட்டேன். ஹைட்ராலிக்கா, சின்னக் கார்களில் வரும் எலக்ட்ரிக்கா?

வேலை எளிது என்பதற்காகப் பலரும் எலக்ட்ரிக் பக்கம் போகிறார்கள். டேஷ்போர்டுக்கு அடியில் ஸ்டீரிங் காலத்தோடு (ஸ்டீரிங் வீலைத் தாங்கும் தண்டுப் பகுதியோடு) மோட்டார் உட்கார்ந்துவிடும். பம்ப் வேண்டாம், ஹோஸ் வேண்டாம். ஆனால் மூன்று விஷயம் இருக்கிறது. மோட்டார் தரும் கூடுதல் முறுக்கு முழுவதும் உங்கள் பழைய பாக்ஸ் வழியாகத்தான் போகும். ஏற்கெனவே தேய்ந்த பாக்ஸ் சீக்கிரம் தீரும். அடுத்தது மின்சாரம். வண்டியை நிறுத்தும் இடத்தில்தான் மோட்டார் அதிகம் இழுக்கும், அந்த நேரத்தில்தான் பழைய டைனமோ மிகக் குறைவாகத் தரும். நல்ல ஆல்டர்னேட்டருக்கு மாறாமல் இதைத் தொடாதீர்கள். கடைசியாக, அந்த யூனிட் வேக சிக்னலை எதிர்பார்க்கும். அது கிடைக்காவிட்டால் சில யூனிட்கள் உதவியையே நிறுத்திவிடும், சில எல்லா வேகத்திலும் ஒரே அளவு உதவி தரும். இரண்டாவது இன்னும் ஆபத்து. நெடுஞ்சாலையில் ஸ்டீரிங் விரல் பட்டாலே திரும்பும்.

நீண்ட நாள் ஓட்டப்போகிற வண்டிக்கு எங்கள் பரிந்துரை ஹைட்ராலிக் பாக்ஸ். வேலை கூடுதல், ஆனால் தேய்ந்த பாக்ஸ் போய் முழுப் புது பாக்ஸ் வருகிறது. பாக்ஸும் பம்ப்பும் ஒரே வண்டி மாடலுக்கு உரியவையாக இருக்கட்டும். ரேக் வகைக்கு (பாக்ஸுக்குப் பதில் பற்கள் கொண்ட பட்டை சக்கரங்களைத் தள்ளும் வகைக்கு) என்று வந்த பம்ப்பையும் பெரிய பாக்ஸுக்கு என்று வந்த பம்ப்பையும் மாற்றிப் போட்டால் அழுத்தமும் ஓட்டமும் ஒத்துப்போகாது.

பழைய வண்டிகளின் சேசிஸ் சட்டம் ஆங்கில 'C' போலத் திறந்த வாய் கொண்ட மெல்லிய தகடு. அதில் பாக்ஸை நேரே போல்ட் அடித்தால், நின்ற இடத்தில் ஸ்டீரிங்கைத் திருப்பும்போது சட்டமே முறுக்கிக்கொள்ளும். சில மாதத்தில் போல்ட் ஓட்டையிலிருந்து விரிசல் ஓடும். பாக்ஸ் உட்காரும் இடத்தில் சட்டத்தின் திறந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடுங்கள், உள்ளே ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு இரும்புக் குழாய் வைத்து இருபுறமும் வெல்டு செய்யுங்கள். அப்போதுதான் போல்ட்டை முழு இறுக்கத்துக்குக் கொண்டுபோனாலும் சட்டம் நசுங்காது. போல்ட் 10.9 தரம்.

ஸ்டீரிங் காலத்துக்கும் பாக்ஸுக்கும் நடுவே வரும் தண்டில் இரண்டு யுனிவர்சல் ஜாயின்ட் இருந்தால், இரண்டின் கோணமும் சமமாக இருக்கட்டும், 30 டிகிரியைத் தாண்ட வேண்டாம். நடுத் தண்டின் இரு முனையிலும் உள்ள முட்கரண்டி வடிவப் பிடிகள் ஒரே திசையில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டீரிங் ஒரு இடத்தில் இறுகி ஒரு இடத்தில் இளகும். மூன்று ஜாயின்ட் தேவைப்பட்டால் நடுவில் ஒரு பேரிங் தாங்கி கட்டாயம். சுருங்கும் வகைத் தண்டு கிடைத்தால் அதையே போடுங்கள். பழைய வண்டிகளில் பாக்ஸிலிருந்து ஸ்டீரிங் வரை ஒரே கம்பி. நேருக்கு நேர் மோதலில் அது ஓட்டுநரின் நெஞ்சைப் பார்த்து நிற்கும் ஈட்டி. இந்த ஒரு காரணத்துக்காகவே மாற்றத்தை நாங்கள் ஆதரிக்கிறோம்.

எல்லாம் பூட்டியபின் நக்கிளில் உள்ள நிறுத்து திருகுகளைச் சரி செய்யுங்கள். பாக்ஸ் உள்ளே முட்டும் முன் சக்கரம் வெளியே முட்டி நிற்க வேண்டும். காற்றை வெளியேற்ற, முன்சக்கரங்களைத் தூக்கி, என்ஜினை ஓட்டாமல், ஆயிலை நிரப்பிக்கொண்டே ஸ்டீரிங்கைக் கோடிக்குக் கோடி பத்துப் பதினைந்து முறை மெதுவாகச் சுற்றுங்கள். பிறகு என்ஜினை ஓட்டுங்கள். ஆயில் நுரைத்தால் காற்று இன்னும் இருக்கிறது. நம் ஊர் வெயிலில், நெரிசலில், ஊர்ந்து ஊர்ந்து போகும் வண்டிக்குத் திரும்பி வரும் ஹோஸில் ஒரு சின்ன கூலர் வைப்பது வீண் செலவு அல்ல. முழு லாக்கில் (ஸ்டீரிங்கைக் கோடிவரை திருப்பிய நிலையில்) ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள். அந்தக் கீச்சுச் சத்தம் பம்ப் தன் ஆயிலைத் தானே சூடாக்கும் சத்தம்.

வண்ணாரப்பேட்டை வாசகர்: புதுப்பேட்டையில் பழைய பவர் ஸ்டீரிங் பாக்ஸ் வாங்கலாமா? எப்படிப் பார்ப்பது?

வாங்கலாம். முதலில் நிரப்பு மூடியைத் திறந்து மிச்ச ஆயிலைப் பாருங்கள், விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகள் நம் ஊரில் ஏராளம். ஆயில் பால்போல வெளுத்திருந்தாலோ துரு நிறத்தில் இருந்தாலோ உள்ளே பந்துகள் அரித்திருக்கும். வேண்டாம். அடுத்து உள்தண்டைக் கையால் கோடிக்குக் கோடி சுற்றுங்கள். ஒரே சீராகப் போய், நடுவில் மட்டும் லேசாக இறுக வேண்டும். நடுவில் இளகி ஓரத்தில் இறுகினால் தேய்ந்த பாக்ஸ். டிராப் ஆர்ம் மாட்டும் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் சீல் மாற்றினாலும் கசிவு நிற்காது, உள்ளே பேரிங்கோ புஷ்ஷோ போயிருக்கிறது.

பாக்ஸோடு அதே வண்டியின் டிராப் ஆர்மையும் சேர்த்து வாங்குங்கள். ஸ்ப்ளைன் (தண்டின் மேல் உள்ள பற்கள்) எண்ணிக்கை வண்டிக்கு வண்டி வேறு. அந்த ஆர்மை டை பெனிட்ரன்ட் சாயம் அடித்து விரிசல் பார்த்த பிறகே மாட்டுங்கள். டை ராட் எண்டும் பால் ஜாயின்ட்டும் பழையதாக வாங்கவே கூடாது. ராணே மெட்ராஸ் போன்ற நிறுவனங்கள் ஸ்டீரிங் பாகங்களை நம் ஊரிலேயே தயாரிக்கும்போது, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிதாகக் கிடைப்பதைப் பழையதாக ஏன் வாங்க வேண்டும்?

தாம்பரம் வாசகர்: முன்பக்கம் கல்லுபோல் இருக்கிறது. ஸ்பிரிங்கில் இரண்டு பட்டையை எடுத்துவிடலாமா?

எடுப்பதற்கு முன் கழற்றிப் பிரித்துப் பாருங்கள். பட்டைகளுக்கு நடுவே துரு கட்டி, பத்துப் பட்டையும் ஒரே கட்டையாக ஒட்டிக்கொண்டிருப்பதுதான் பெரும்பாலான வண்டிகளின் நிலை. பிரித்து, துருவைச் சுரண்டி, முனைகளின் கூர்மையைத் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் தடவிக் கட்டினாலே வேறு வண்டி ஆகிவிடும். முன்பு யாரோ லோடுக்காகச் சேர்த்த பட்டை இருந்தால் அதை எடுங்கள். ஒரே அளவுப் பட்டைகள் பத்தில் ஒன்றை எடுத்தால் கடினம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். கனம்தான் பெரிய கணக்கு. 6 மி.மீ. பட்டைக்குப் பதில் 7 மி.மீ. போட்டால் அந்தப் பட்டை ஏறக்குறைய 60 சதவீதம் கடினமாகிவிடும், ஏனென்றால் கடினம் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. கண் உள்ள மெயின் பட்டையையும் அதைத் தாங்கும் இரண்டாம் பட்டையையும் தொடாதீர்கள்.

திரும்பப் பூட்டும்போது யூ போல்ட் புதிது போடுங்கள். ஒருமுறை இழுபட்ட போல்ட் மறுமுறை பிடிப்பைக் காக்காது. 500 கிலோமீட்டருக்குப் பின் மறுபடி இறுக்குங்கள். ரப்பர் புஷ் உள்ள கண் போல்ட்களை வண்டி தரையில் தன் எடையோடு நிற்கும்போது மட்டும் கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து ஒரே வருடத்தில் கிழிந்துவிடும்.

நீலாங்கரை வாசகர்: ஈ.சி.ஆரில் 60-ஐத் தொட்டதும் முன்சக்கரங்கள் வெறிபிடித்ததுபோல் ஆடுகின்றன. ஸ்டீரிங் டேம்பர் (ஆட்டத்தை அடக்கும் ஷாக்) போட்டேன், கொஞ்ச நாள் நின்று மறுபடி வந்துவிட்டது.

டேம்பர் நோயை மறைத்தது, அவ்வளவுதான். சக்கர பேலன்ஸ், வளைந்த ரிம், வீல் பேரிங், கிங் பின், ஸ்பிரிங் புஷ் என்று பார்த்துவிட்டு கேஸ்டருக்கு வாருங்கள். அலைன்மென்ட் கடையில் பழைய வண்டிக்கு டேட்டா இல்லை என்று கைவிரித்தால் நீங்களே எண்ணைக் கொடுங்கள். பழைய சி.ஜே. வகை ஜீப்புக்கு கேஸ்டர் 3 டிகிரி, கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) ஒன்றரை டிகிரி, டோ-இன் சுமார் 1.2 முதல் 2.4 மி.மீ. வரை. ரேடியல் டயர் போட்டிருந்தால் டோ-இன்னைக் குறைந்த பக்கம் வையுங்கள். பவர் ஸ்டீரிங் இருந்தால் கேஸ்டரை 4, 5 டிகிரி வரை கூட்டலாம், நேர் ஓட்டம் நன்றாக இருக்கும்.

சாய்வுத் தகடு வைத்துக் கேஸ்டரைக் கூட்டும்போது பலர் தகட்டைத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். கிங் பின்னின் மேல்முனை பின்னால் சாய வேண்டும். ஸ்பிரிங் ஆக்ஸிலுக்கு மேலே இருந்தால் தகட்டின் கனமான பக்கம் பின்னால். ஜீப்பைப் போல ஸ்பிரிங் ஆக்ஸிலுக்கு அடியில் இருந்தால் கனமான பக்கம் முன்னால். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் கேஸ்டர் கூடக் கூட முன் ஆக்ஸிலின் பினியன் (புரொப்பெல்லர் ஷாஃப்ட் சேரும் முனை) தரையைப் பார்த்துக் குனியும், புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம் கெடும். 2 டிகிரிக்கு மேல் தகடு வைப்பதற்கு முன் அதைக் கணக்கில் கொள்ளுங்கள். உப்புக்காற்றில் ஓடும் வண்டி என்பதால் தகடு அலுமினியம் வேண்டாம், எஃகே போடுங்கள்.

புரசைவாக்கம் வாசகர்: 17 அங்குல ஸ்டீரிங் வீலுக்குப் பதில் 14 அங்குலம் போடலாமா? பவர் ஸ்டீரிங் இல்லை.

கைக்குத் தேவைப்படும் பலம் 20 சதவீதத்துக்கு மேல் கூடும். வேண்டாம்.

அண்ணா நகர் வாசகர்: 1950-களின் அமெரிக்க பிக்-அப் ஒன்றைப் புதுப்பிக்கிறேன். முன் ஆக்ஸிலையும் லீஃப் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, காயில் ஸ்பிரிங், ரேக் ஸ்டீரிங்கோடு கூடிய முழு இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் (இரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு) வெல்டு செய்ய ஆசை. எதைக் கவனிக்க வேண்டும்?

அமெரிக்காவில் இது பரவலான மாற்றம். 1974 முதல் 1978 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங் II காரின் முன் அமைப்பைப் பின்பற்றிய கிட்கள்தான் அங்கே அதிகம் போடப்படுகின்றன. ஓட்டம் காரைப்போல ஆகும் என்பது உண்மை. ஆனால் இதில் அளவு தவறினால் திருத்தவே முடியாது. வெல்டு வைக்கும் முன், வண்டி கடைசியில் எந்த உயரத்தில், எந்த டயரில் நிற்கும் என்பதை முடிவு செய்து, சேசிஸை அந்தச் சாய்விலேயே ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பழைய சக்கர மையத்தைச் சட்டத்தில் குத்திக் குறியிடுங்கள். மூலைக்கு மூலை அளவு இருபுறமும் ஒன்றாக வருகிறதா என்று பார்த்து, புள்ளி வெல்டு மட்டும் வைத்து, மறுபடி அளந்து, அதன் பிறகே முழு வெல்டு. ஒரே பக்கமாக ஓட்டினால் சட்டம் இழுத்துக்கொள்ளும். மாறி மாறி, சிறிது சிறிதாக வையுங்கள்.

ரேக்கின் உள்மூட்டுகள், மேல் ஆர்மின் உள்மூட்டையும் கீழ் ஆர்மின் உள்மூட்டையும் இணைக்கும் கோட்டின் மேல் வர வேண்டும். அகலமான ரேக் கிடைத்தது என்று போட்டால் பம்ப் ஸ்டீர் (மேடுபள்ளத்தில் சக்கரம் தானே திரும்புவது) வந்துவிடும், எந்த அலைன்மென்ட்டும் அதைத் தீர்க்காது. ஆக்ஸிலுக்குப் பின்னால் இருக்க வேண்டிய ரேக்கை அப்படியே முன்னால் கொண்டுவந்தால் ஸ்டீரிங் திசை தலைகீழாகும்.

நம் நாட்டில் சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்காக 2021-ல் வந்த வின்டேஜ் விதிகளும் சேசிஸில் மாற்றம் செய்த வண்டியை ஏற்பதில்லை. கிங் பின், புஷ், பேரிங், அதே வகைப் பாக்ஸ் மாற்றுவது பழுதுபார்ப்பு. சேசிஸ் சட்டத்தை அறுத்து வேறு முன்பக்கம் ஒட்டுவது அப்படியல்ல. ஆகவே முதல் வெட்டு போடுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். 'கூடாது' என்று பதில் வந்தால், பழைய ஐ-பீம் (ஒரே கட்டையான) ஆக்ஸிலிலேயே புது கிங் பின், பிரித்துக் கட்டிய ஸ்பிரிங், நல்ல கேஸ் ஷாக் அப்சார்பர் போடுங்கள். ஷாக்கை வண்டி நிற்கும் உயரத்தில் அதன் ஓட்டத்தின் நடுப்பகுதியில் இருக்கும்படி நீளம் பார்த்து வாங்குங்கள். குட்டையாக வாங்கினால் முதல் பள்ளத்திலேயே மேல்கண் பிய்ந்துவிடும்.